தண்ணீர்ப் பக்கம் நீ ஓட்டு

செர்வேரா
9 மே 1988

அன்புத் தம்பி லிசார்டோவுக்கு,

அக்கா காசில்டா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாயே, அது விட்டதா? ஞாயிற்றுக்கிழமையாவது அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடு.

இங்கே மலையில் பனி கரைந்துவிட்டது. உன் அத்தான் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தால் எடுப்பதே இல்லை. தட்டு வைக்க இடமில்லாமல் அடுப்பங்கரையில் நின்றபடி சாப்பிடுகிறேன். இந்த ஆகஸ்டில் நீ வரும்போது ஒரு நாள் சுற்றோடு விடப் போவதில்லையாம். கூடாரம், பாத்திரம், போர்வை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஒரு வாரம் போக வேண்டுமாம். வடக்கே கணவாய் ஏறிப் போத்தெஸில் இறங்குவது, மறுபடி சான் க்ளோரியோ கணவாய் ஏறுவது, மலையைச் சுற்றிக்கொண்டு, கால்வாய் தொடங்கும் அலாருக்கு வருவது, அங்கிருந்து கால்வாய்க்கரையிலேயே பலென்சியா வரை. பள்ளி விடுமுறையில் அவர் ஓட்டும் பேருந்து ஓடாது, அதனால் அவருக்கும் வேலை இல்லை.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ வராவிட்டால் தனியாகப் போவேன் என்கிறார். அதனால் நீ வந்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா காசில்டா


விண்டர்தூர்
24 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. நான் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் தறி இயந்திரப் பட்டறையில் மதிய இடைவேளையில் படித்தேன். கூட வேலை செய்கிறவர்கள், ஊரில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். அவ்வளவு சிரித்தேனாம். அத்தானிடம் சொல், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே சுவிஸிலும் தினமும் மாலையில் இரவல் சைக்கிளில் காட்டு மேடுகளில் ஓட்டிப் பழகுகிறேன். இந்த வருடம் மேட்டில் என்னை முந்திப் போய் உச்சியில் உட்கார்ந்து சிரிக்க முடியாது என்று சொல்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவரை ஏன் தடுத்தாய்? கால் வலியா? ஊரிலேயே அவரைப் போல ஏறுகிறவர் கிடையாது. முதுகுவலி என்றால் எழுது, கனமான பைகளை நான் கட்டிக்கொள்கிறேன்.

ரொட்டிக்கடையில் வேலை எப்படி? கால் வீக்கம் குறைந்ததா?

உன் தம்பி
லிசார்டோ


செர்வேரா
11 ஜூன் 1988

அன்புத் தம்பிக்கு,

கால் வீக்கம் தேவலை. கடையில் இப்போது மதியத்துக்கு மேல்தான் எனக்கு வேலை. நீ சுகம் என்று அறிந்து நிம்மதி.

அத்தானுக்கு முதுகெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய துணிக்கூடாரத்தை வெட்டி, கைப்பிடியில் கட்ட ஒரு பையும் இருக்கைக்கு அடியில் தொங்கவிட ஒரு பையும் தைத்துக் கொடுத்தேன். சில விஷயம் சொல்கிறேன், சிரிக்காமல் கேள். இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில் படுங்கள். அவர் வேளைக்குத் தூங்க வேண்டும், சீக்கிரம் விளக்கணை. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒயின் ஊற்றிக்கொடுக்காதே. ஆற்றில் இறங்கிக் குளிக்க விடாதே. எப்போதும் அவரை முன்னால் போகவிட்டு நீ பின்னால் வா. கால்வாய்க்கரைக்கு வந்த பிறகு அவர் வயல் பக்கம் ஓட்டட்டும், தண்ணீர்ப் பக்கம் நீ ஓட்டு.

செரிப் பழம் நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ வரும்வரை மரத்தில் நிற்காது, பாகு காய்ச்சி வைக்கிறேன்.

அக்கா காசில்டா


விண்டர்தூர்
2 ஜூலை 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே?

கல்யாணமான புதிதில்கூட நீ அவரை இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்ததில்லை. ஒயின் கிடையாது, குளியல் கிடையாது, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையா கூட்டிப் போகிறேன்? சரி, உன் சொல்படியே. ரயில் ஆகஸ்ட் ஆறாம் தேதி. மற்றதை நேரில் பேசலாம்.

லிசார்டோ


விண்டர்தூர்
30 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். இதை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் ரொட்டிக்கடைக்கு அனுப்புகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். பயணம் முடிந்து வீட்டில் இருந்த ஒன்றரை நாளும் அத்தான் நம்மைத் தனியாக விடவே இல்லை. நான் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்கு வந்தால் அவரும் வந்தார்.

மலையில் இருந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. முதல் கணவாயில் மூடுபனி, முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. மாடுகளின் கழுத்துமணியைக் கேட்டுத்தான் பாதை இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். போத்தெஸில் ஆட்டுப் பாலாடைக்கட்டி வாங்கி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து தின்றோம். சான் க்ளோரியோவில் என்னைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மேலே பாறையில் சாய்ந்து காத்திருந்தார். "சுவிஸ் சாக்லேட்டாத் தின்னு தொடை வெண்ணெயாப் போச்சுடா மச்சான். எறங்கும்போதாவது கூட வருவியா?" என்றார். இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினார். நானும் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். 

கால்வாய்க்கு வந்ததும் நீ சொன்னதை மறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் படகிழுத்த பாதைதானே அது, மேடு பள்ளம் இல்லை. இரண்டு பக்கமும் பாப்லர் நிழல். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு கதை பேசினோம். அவர்தான் தண்ணீர்ப் பக்கம். ஃப்ரோமிஸ்டாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மதகு வீட்டைத் தாண்டியதும், பேசிக்கொண்டிருந்தவருக்கு வார்த்தையின் நடுவில் பேச்சு நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. கை கைப்பிடியை இறுக்கிக்கொண்டு அப்படியே சைக்கிளோடு தண்ணீருக்குள் போனார்.

குதித்தேன். எனக்கு மார்பளவு ஆழம்தான். ஆனால் அவர் உடம்பு கட்டையாக விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. தலையைத் தண்ணீருக்கு மேலே வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. மதகு வீட்டு அம்மாள், எமெத்தேரியா என்று பெயர், ஓடிவந்து கம்பை நீட்டினாள். இரண்டு பேருமாக நாணலைப் பிடித்துக்கொண்டு அவரை இழுத்துக் கரையில் போட்டோம். அவள்தான் அவரைப் பக்கவாட்டில் திருப்பினாள். "பயப்படாதே தம்பி, வலிப்பு. எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. தானா நிக்கும்" என்றாள்.

நின்றது. அப்புறம் ரொம்ப நேரம் என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தார். தெளிந்ததும் முதலில் சைக்கிளைக் கேட்டார். "வெயில்ல கிறுகிறுன்னு வந்துருச்சு. உன் அக்காகிட்ட ஒளறிடாத, பயந்துருவா" என்றார்.

மாற்றுத்துணி எடுக்க அவர் பையைத் திறந்தேன். காலுறைக்குள் மாத்திரைப் புட்டி இருந்தது. அந்தக் காலுறையின் வாயில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்திருந்தது உன் தையல்.

அக்கா, எத்தனை நாளாக? பதில் எழுது.

லிசார்டோ


செர்வேரா
25 செப்டம்பர் 1988

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கடையில் திருவிழா வேலை. பேரிக்காய் இந்த வருடம் சிறுத்துப் போயிற்று, மழை போதவில்லை. பக்கத்து வீட்டு மாடு இரட்டைக் கன்று போட்டது. ஒன்றுதான் பிழைத்தது.

அத்தானின் சைக்கிளைக் கழுவித் துடைத்து விறகறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். சங்கிலியில் பாசி ஒட்டியிருந்தது, மெனக்கெட்டு எடுத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் இப்போதே குளிர்கிறது. நீ கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்.

அக்கா காசில்டா


விண்டர்தூர்
8 அக்டோபர் 1988

அக்காவுக்கு,

மாடு, பேரிக்காய், கம்பளிச் சட்டை. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், அதனால் நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தாலும் சுகம் என்றுதான் எழுதப் போகிறாய்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? அத்தான் ஓட்டுவது மக்காரியோவின் பேருந்து. மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுத் தண்ணீரை ஒட்டிய வளைவுகளில் இறங்கி வருகிறார். கால்வாயில் விழுந்தபோது அவரைப் பிடிக்க நான் இருந்தேன். பேருந்தில் யார் இருக்கிறார்?

அத்தானை எனக்குப் பிடிக்காது என்றா நினைக்கிறாய்? அப்பா செத்த பிறகு எனக்குச் சைக்கிளும் மலையும் தந்தவர் அவர்தான். வருடம் முழுக்க இந்த ஊரில் நான் யாரோடும் பேசாமல் வேலை செய்வதே அந்த ஆகஸ்டுக்காகத்தான். அதனால்தான் சொல்கிறேன். மக்காரியோவிடம் அவரையே சொல்லச் சொல். இல்லாவிட்டால் நீ சொல்.

லிசார்டோ


செர்வேரா
13 நவம்பர் 1988

அன்புத் தம்பி லிசார்டோவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கடையின் பின்கட்டில் மாவு மூட்டை மேல் வைத்து எழுதுகிறேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு விறகு பிளக்கும்போது முதல் தடவை வந்தது. கோடாலி கையில் இருந்தது. சாந்தாந்தேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், இங்கே யாருக்கும் தெரியக் கூடாதென்று. மாத்திரை கொடுத்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் அந்தச் சீட்டை மடித்து என் கையில் கொடுத்து, "வண்டி இல்லன்னா நான் யாரு காசில்டா? என்னச் சொல்லு, நான் யாரு?" என்றார். நான் சீட்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன். மாத்திரை ஒழுங்காகத் தின்றால் வராது என்று இரண்டு பேரும் நம்பினோம். நவம்பர் குளிரில் ஒரு தடவை வந்தது. அப்புறம் உன்னோடு போகும்வரை வரவில்லை.

பிறகு ஏன் உன்னோடு அனுப்பினாய் என்று கேட்பாய். என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். தடுத்தால் தனியாகப் போவார் என்பது நிஜம். ஆனால் அது மட்டும் இல்லை. நான் சொல்ல முடியாததை நீ கண்ணால் பார்த்தால், நீயே ஏதாவது செய்வாய் என்று உள்ளுக்குள் இருந்திருக்கும். உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நீயோ நீச்சல் தெரியாதவன்.

பேருந்தில் யார் இருக்கிறார் என்று கேட்டாய். நான் இருக்கிறேன். பள்ளி திறந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவரோடு போகிறேன். மாலையில் மக்காரியோவின் மகன் ஓட்டுகிறான். சின்னப் பிள்ளைகள் வளைவில் வாந்தி எடுக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மக்காரியோவிடம் சொன்னேன். நல்ல மனசு என்று ஊரே புகழ்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும். 

உள்ளதை எல்லாம் சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

அக்கா காசில்டா


விண்டர்தூர்
20 நவம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். சாப்பிடு, தூங்கு, முதலில் அதைச் செய்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த நொடியில் உனக்குத் தெரியுமா? பிரேக்குக்கு உன் கால் எட்டுமா? தண்ணீரில் அவர் உடம்பு எப்படி இறுகியது என்று நான் தொட்டுப் பார்த்தவன். இரண்டு ஆண்கள் சேர்ந்தாலும் அந்தக் கையைப் பிரிக்க முடியாது.

டிசம்பர் பிறப்பதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் மக்காரியோவுக்கு நான் எழுதிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

உன் தம்பி
லிசார்டோ


செர்வேரா
18 டிசம்பர் 1988

அன்புத் தம்பிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த மாதம் முதல் வாரம், நல்ல பனி. வண்டி மெதுவாகத்தான் வந்தது. அணைக்கட்டுக்கு மேலே இருக்கும் வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் உதடு எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. எவேலியோ என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. வளைவு வந்தது, வண்டி வளையவில்லை. நான் அவர் தோளுக்கு மேல் குனிந்து ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். இன்னொரு கையால் கைப்பிரேக்கைத் தூக்கினேன். வண்டி ஓரக் கல்சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

இந்தத் தடவை விறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணில் உயிர் வந்தது. என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்துன?" என்று கேட்டார். அசுசேனா என்று கடைசிக் கிராமத்துப் பிள்ளை, ஏழு வயசு, "காசில்டா அத்தைதான் ஓட்டுனாங்க, இன்னொரு வாட்டி ஓட்டச் சொல்லுங்க" என்றது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியில் அவர்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீதி வழியையும் அவரே ஓட்டினார். நான் கைப்பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்குள் போனதும் நேரே மக்காரியோ வீட்டுக்கு நடந்தேன். அவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டேன், எதுவும் வரவில்லை என்றார். யார் சொன்னது என்று தன் வாயால் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார்.

மறுநாளிலிருந்து, உரசல் பழுதுபார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர் மகன் வேறு வண்டியை ஓட்டினான். சனிக்கிழமை மக்காரியோ உன் அத்தானைக் கூப்பிட்டு உடம்பு விஷயம் தெரியும் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். கொட்டகையில் வண்டி கழுவும் வேலை தருகிறேன் என்றாராம். இவர் பதில் சொல்லாமல் வந்துவிட்டார்.

நான் கொண்டைக்கடலை புடைத்துக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றாமலே வந்து நின்றார். "உன் தம்பி வேலதானே இது? ஒரே கூடாரத்துல படுத்து, கூடத் தின்னுட்டு, அங்க உக்காந்து எழுதிட்டான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை, லிசார்டோ. இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், அதைக்கூடச் செய்யவில்லை. கடலையைப் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு உண்மை தெரிந்திருக்கலாம். ஆனால் என்னோடு இதே வீட்டில் இருந்தாக வேண்டுமே. தூரத்தில் இருக்கிற உன்னை வெறுப்பது அவருக்குச் சுலபம். அப்படி வெறுத்த பிறகுதான் அன்று என் கையால் சாப்பிட்டார். நான் என்ன செய்யட்டும்? சொல்லிவிடட்டுமா? நீ சொன்னால் சொல்லிவிடுகிறேன்.

அக்கா காசில்டா


விண்டர்தூர்
2 ஜனவரி 1989

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நிம்மதியைத் தர வேண்டும். நான் நலம்.

சொல்லாதே. மக்காரியோவுக்கு எழுதுவேன் என்று உன்னை மிரட்டினேன் அல்லவா? எழுதினேன். உறையில் போட்டு அஞ்சல் பெட்டி வரை கொண்டுபோனேன். அடுத்த ஆகஸ்டு நினைவுக்கு வந்தது, திரும்பி வந்துவிட்டேன். டிசம்பர் பிறந்த பிறகும் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. அந்த வண்டி சுவரில் உரசிய காலையிலும் இருந்தது. நீ செய்ததைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. பழியையாவது நான் வாங்கிக்கொள்கிறேன்.

இத்துடன் அத்தானுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

லிசார்டோ


விண்டர்தூர்
2 ஜனவரி 1989

மதிப்புக்குரிய அத்தான் எவேலியோவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு தேவலையா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

மக்காரியோவுக்கு எழுதியது நான்தான். கால்வாயில் பார்த்த எல்லாவற்றையும் எழுதினேன். நான் எழுதியது அக்காவுக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் அழுவாள், கேட்காதீர்கள். ஒளறிடாத என்று என்னிடம் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன், பிறகு பொறுக்க முடியாமல் எழுதிவிட்டேன். இதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மறுபடி எழுத வேண்டி வந்தால் மறுபடியும் எழுதுவேன்.

வரும் ஆகஸ்டில் நான் வரவில்லை. பட்டறையில் விடுப்பு இல்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே விட்டு வந்த என் சைக்கிளை வேண்டுமானால் விற்றுவிடுங்கள். மாத்திரையை மட்டும் விடாதீர்கள். கொட்டகை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேயும் வண்டிகள்தானே நிற்கின்றன.

தண்ணீரிலிருந்து கரைக்கு வந்ததும், என்னை யாரென்று தெரியாமல் பார்த்தபோது, என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

இனி என்னை மச்சான் என்று கூப்பிட மாட்டீர்கள். ஆனாலும் கையெழுத்தை மாற்றிப் போட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மச்சான்
லிசார்டோ